மேடில்லாக் கரையில் ஏறிப் பார்க்க ஓர் இடம்

காட்சி காண்பதற்கென்று எழுப்பப்படும் கட்டடத்துக்கு மூன்று குணங்கள் வேண்டும். நிற்கும் தளம் சுற்றுப்புறத்தைவிட உயர்ந்திருக்க வேண்டும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும், நிற்பவர் தலைக்கு மேல் நிழல் இருக்க வேண்டும். மலைநாட்டில் முதல் குணத்தை மலையே கொடுத்துவிடும். கொடைக்கானலின் கோக்கர்ஸ் வாக்கில் ஒரு நடைபாதையும் கைப்பிடிச் சுவரும் போதுமானதாக இருப்பது அதனால்தான். இராமநாதபுரம் கடற்கரையின் நிலை வேறு. மாவட்டத்தின் கடலோரம் முழுவதும் மணலும் உப்பளமும் பனங்காடுமாகத் தட்டையாகக் கிடக்கிறது. இங்கே உயரம் வேண்டுமென்றால் மனிதர்தான் கட்டியாக வேண்டும்.

அப்படிக் கட்டும் வழக்கம் தமிழகத்துக்குப் பழையது. புகார் நகரத்து மாளிகையில் கண்ணகியும் கோவலனும் தென்றல் வரும் சாளரத்தருகே இருந்து, பிறகு நிலவு விழும் மேல்தளத்துக்கு ஏறியதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. நிலாமுற்றம் என்ற சொல் இலக்கியத்தில் அடிக்கடி வருவதைப் பார்த்தால், வசதியுள்ள வீடுகளில் கூரையில்லாத மேல்தளம் பழக்கமான ஒன்றாக இருந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் கோயில் குளங்களின் நடுவே நீராழி மண்டபங்கள் எழுந்தன. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வெட்டிய மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தின் மைய மண்டபம் அவற்றுள் பெரிது. தஞ்சை அரண்மனையின் மாடமாளிகையில் ஏறி நின்று திருவரங்கத்துக் கோபுரம் இருக்கும் திசையைத் தொழுத பிறகே விஜயராகவ நாயக்கர் உணவு கொள்வார் என்றொரு செவிவழிச் செய்தி உண்டு. அது நடந்ததோ இல்லையோ, அத்தனை உயரத்தில் ஒரு மாடம் எதற்கு என்ற கேள்விக்கு மக்கள் தந்த விடை அது.

வெளியுலகிலும் இந்த ஆசை ஏறக்குறைய எல்லா நாகரிகங்களிலும் தலைகாட்டியிருக்கிறது. சீனாவில் யாங்சி ஆற்றையும் டோங்டிங் ஏரியையும் பார்த்தபடி அடுக்கு மாடங்கள் நின்றன. இடிந்தவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் திரும்பக் கட்டினார்கள். போப்பாண்டவர் எட்டாம் இன்னசென்ட் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வத்திக்கான் மேட்டில் பெல்வெடேர் மாளிகையைக் கட்டினார். அந்தப் பெயரே பின்பு ஐரோப்பாவில் இவ்வகைக் கட்டடங்கள் அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று. அக்பர் பத்தேப்பூர் சிக்ரியில் எழுப்பிய பஞ்ச மகால் ஐந்து அடுக்கும் தூண்களாகவே அமைந்து, சுவரின்றிக் காற்றுக்குத் திறந்து நிற்பது. ஆக்ரா கோட்டையின் முசம்மன் புர்ஜிலிருந்து ஷாஜகான் தன் கடைசி ஆண்டுகளில் தாஜ்மகாலைப் பார்த்திருந்தார் என்பதும் பரவலாக அறியப்பட்ட கதை. இவை பெரும்பாலும் அரசரும் செல்வரும் ஓய்வாகக் கண்ணை ஓட்டக் கட்டியவை. சேதுக் கரையில் அந்த ஓய்வு அரிது. இங்கே உயரம் எழுந்தபோதெல்லாம் அதற்கு வேறொரு காரணம் முன்னால் நின்றது. தெய்வம், முத்து, கப்பல், ரயில் என்று காரணம் மாறும். காட்சி அதனோடு ஒட்டிக்கொண்டு வந்த ஆதாயம்.

தட்டை நிலத்தில் கொஞ்சம் உயரம் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்குக் கணக்கு உண்டு. கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால், கடலில் தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பது தோராயமாகக் கிடைக்கும். நீரோரத்தில் நிற்பவருக்கு, கண் மட்டம் 1.6 மீட்டர் என்று கொண்டால், தொடுவானம் நாலரை கிலோமீட்டரில் முடிந்துவிடும். கண் 10 மீட்டர் உயரத்துக்குப் போனால் அது 11 கிலோமீட்டருக்கு நகரும். 100 மீட்டரில் இருப்பவர் இன்னும் 10 மீட்டர் ஏறினாலோ கூடுதலாகக் கிடைப்பது இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. ஆக, முதல் சில மீட்டர்களே பார்வைக்கு மிகுதியாகக் கொடுப்பவை. ஒரு மணல்மேடும் அதன்மேல் இரண்டடுக்கு மண்டபமும் இந்தக் கரையில் பெரிய மலையின் மதிப்பைப் பெறுவதற்கு இதுவே காரணம்.

அந்த மண்டபம் கந்தமாதன பர்வதத்தில் இருக்கிறது. பெயரில் மலை இருந்தாலும் உண்மையில் அது இராமேசுவரம் தீவின் மிக உயர்ந்த மணல்மேடு. இராமநாதசுவாமி கோயிலுக்கு வடமேற்கே சில கிலோமீட்டர் தொலைவு. உள்ளூரில் அதை இராமர் பாதம் என்றே சொல்வார்கள். ஆட்டோக்காரரிடம் கந்தமாதன பர்வதம் என்று முழுப்பெயர் சொல்பவர் வெளியூர்க்காரர் என்பது உடனே தெரிந்துவிடும். வழியில் சாட்சி அனுமார் கோயிலும் சுக்ரீவ தீர்த்தமும் உண்டு. இருபுறமும் குடை விரித்தாற்போல் தட்டையான தலையுடன் உடைமரங்கள். கடற்காற்றும் வறண்ட மண்ணும் தாங்கி வளரும் இந்த மரமே தீவின் நிலக்காட்சிக்குத் தனி உருவம் தருவது.

மேட்டின் உச்சியில் கல்மண்டபம். உள்ளே சக்கரத்தின்மேல் பதிந்த இராமர் பாதங்கள் வணங்கப்படுகின்றன. பாதத்தைத் தொழுதவர் பெரும்பாலும் அத்தோடு இறங்கிவிடுவதில்லை. படியேறி மேல்தளத்துக்குப் போவார்கள். அங்கிருந்து தென்கிழக்கே கோயில் கோபுரங்கள் தெரியும். சுற்றிலும் பச்சையும் வெளிர் மணலுமாகத் தீவு விரியும். அதற்கப்பால் எத்திசையில் திரும்பினாலும் கடல்தான். தாம் நிற்கும் நிலம் ஒரு தீவு என்பது இராமேசுவரத்தில் கண்ணுக்கே புலப்படும் இடங்கள் மிகச் சில. தெருவில் நடப்பவருக்கு அது ஓர் ஊர். இந்த மேல்தளத்தில் நிற்பவருக்குத்தான் தீவு.

இராமன் இலங்கை நோக்கிப் பார்த்த இடம் இது என்று பக்தர்கள் நம்புகிறார்கள். கட்டடக்கலை நோக்கில் இந்த நம்பிக்கைக்கு ஒரு பொருத்தம் உண்டு. தமிழகத்துக் கோயில்களில் பெரும்பாலும் பார்வை உள்நோக்கிச் செல்லும். வாசல், மண்டபம், அர்த்தமண்டபம், கருவறை என்று வெளிச்சம் குறைந்துகொண்டே போய், கடைசியில் ஒரு விளக்கொளியில் முடியும். இராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிரகாரம் அந்த உள்நோக்கின் உச்சம். ஆயிரத்துக்கு மேற்பட்ட தூண்களுக்கு நடுவே நடக்கும்போது, கடல் கூப்பிடு தூரத்தில் இருப்பதே மறந்துபோகும். இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்களின் பெரும்பணியான அந்தப் பிரகாரத்தில் வெளியே பார்க்க ஒரு சாளரம்கூடத் தேவைப்படவில்லை. இராமர் பாதத்து மண்டபமோ நேர் எதிர். கீழே வழிபாடு, மேலே வெளி. தெய்வம் பார்த்த திசையிலேயே பக்தனும் பார்க்கும்படி அமைந்த கட்டடம் அது.

கிழக்குக் கோபுரம் 126 அடி உயரம் என்பார்கள். மேலே சொன்ன கணக்கின்படி அதன் உச்சியில் கண் இருந்தால் 22 கிலோமீட்டர் வரை கடல் தெரிய வேண்டும். ஆனால் கோபுரம் ஏறிப் பார்க்கக் கட்டியதன்று. தொலைவிலிருந்து பார்க்கப்படக் கட்டியது. தீவின் தொலைக்காட்சிக் கோபுரமும் அப்படியே. 323 மீட்டர் உயரத்தில் நாட்டின் மிக உயர்ந்த கட்டுமானங்களில் ஒன்றாக நின்று, அலைகளைப் பரப்பும் வேலையோடு நிறுத்திக்கொள்கிறது.

இராமநாதபுரம் நகரத்துக்குள் கிழவன் சேதுபதி காலத்தைச் சேர்ந்த இராமலிங்க விலாசம் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி அது. தடித்த சுவர்களும் தூண்கள் நிறைந்த தர்பார் மண்டபமும் கொண்ட இந்த மாளிகை கீழ்த்தளத்தில் கோட்டையைப்போல் இறுகி நிற்கும். குறுகலான படியேறி மேலே போனால் மன்னரின் தனியறைகள், அதற்கும் மேலே திறந்த தளம். வெளியே பார்ப்பதற்கு வாய்ப்புக் குறைந்த கட்டடம் என்பதாலோ என்னவோ, பார்வைக்கு வேண்டியதையெல்லாம் சுவரிலேயே எழுதிவிட்டார்கள். இராமாயணம், பாகவதம், தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், ஐரோப்பியருடன் சந்திப்பு, மன்னரின் பொழுதுபோக்குகள் என்று 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஓவியங்கள் சுவர் முழுவதும் நிறைந்திருக்கின்றன. இன்று தமிழ்நாடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அருங்காட்சியகமாக இருக்கும் இம்மாளிகை, சேதுபதிகள் கடலைப் பார்த்து ஆண்டவர்களாயினும் கடலுக்கு முகம் காட்டி வீடு கட்டியவர்கள் அல்லர் என்பதை உணர்த்துகிறது. மறவர் சீமையின் தலைநகருக்குக் காவலே முதல் தேவை.

கடலுக்கு நேராக முகம் காட்டி நிற்கும் கட்டடத்தைத் தேடினால், பாக் நீரிணையின் கரையோரமாக வடக்கே, இன்றைய தஞ்சை மாவட்டத்துக்குள் போக வேண்டும். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, மல்லிப்பட்டினத்தை அடுத்த சரபேந்திரராசன்பட்டினத்தில் மனோரா நிற்கிறது. தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டியது. ஆறு பட்டையான எட்டு அடுக்குக் கோபுரம், ஏறத்தாழ 75 அடி உயரம். சுற்றிலும் மதிலும் அகழியும். அடுக்குக்கு அடுக்கு வெளியே நீண்ட தாழ்வாரமும் வளைவுச் சாளரங்களும் இருப்பதால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மசூதியின் தூபியும் சீனத்து அடுக்குக் கோபுரமும் ஒன்றாகக் கலந்ததுபோல் தோன்றும்.

நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக இது எழுப்பப்பட்டது என்பது எல்லோரும் அறிந்த செய்தி. வாட்டர்லூ வெற்றிக்காக என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனால் வாட்டர்லூ போர் நடந்தது 1815 ஜூனில். மனோராவின் கல்வெட்டு காட்டும் ஆண்டோ 1814. அது நெப்போலியன் முதல் முறை முடிதுறந்து எல்பா தீவுக்குப் போன ஆண்டு. ஐரோப்பாவின் மறுகோடியில் நடந்த ஒரு வீழ்ச்சிக்குச் சோழமண்டலக் கரையில் நினைவுச்சின்னம் எழுவதில் வேடிக்கையும் உண்டு, வருத்தமும் உண்டு. 1799 உடன்படிக்கையோடு நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போய்விட்டது. சரபோஜிக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும். போர் புரிய வேண்டிய தேவையே இல்லாத ஒரு மன்னர், மதிலும் அகழியும் சூழ ஒரு கோட்டை கட்டினார்; அதை விருந்தினரும் குடும்பமும் கடற்காற்று வாங்கத் தங்கும் மாளிகையாகவும், கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்காகவும் பயன்படுத்தினார். நூலகமும் மருத்துவமும் இசையும் விரும்பிய அந்த மனிதருக்குக் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு மாடமும் வேண்டியிருந்தது என்று கொள்வதில் தவறில்லை. கம்பெனிக்குக் காட்டிய நன்றி, அந்த ஆசைக்குக் கிடைத்த நல்ல சாக்கு.

மனோராவின் உச்சியளவில் கண் இருந்தால் தொடுவானம் 17 கிலோமீட்டரில் அமையும். எதிரே தெரிவது ஆழமற்ற, பெரும்பாலும் அலையடங்கிய பாக் விரிகுடா. கரையோரம் கடற்புற்கள் பரந்து கிடக்கும் இந்த நீர்ப்பரப்பில் ஆவுளியா என்னும் கடற்பசுக்கள் மேய்கின்றன. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கோபுரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணில் ஆவுளியா பட்டுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அது நீருக்கடியில் மேய்ந்து, மூச்சுக்காக மூக்கை மட்டும் மேலே நீட்டும் விலங்கு.

மன்னார் வளைகுடாவின் அக்கரையில், இலங்கையின் மன்னார் மாவட்டத்து அரிப்பில், இதே காலத்தின் இன்னொரு கட்டடம் இடிந்து நிற்கிறது. 1798 முதல் 1805 வரை இலங்கையின் ஆங்கிலேய ஆளுநராக இருந்த பிரெடரிக் நார்த், 1801க்கும் 1804க்கும் இடையில் தமக்கெனக் கட்டிய மாளிகை அது. கிரேக்கத் தூண்வகையின் பெயரால் டோரிக் என்று அழைக்கப்பட்டது. அரிப்புக்கு நேரே கடலில் முத்துப்பார்கள். முத்துக்குளிப்பு நடக்கும் வாரங்களில் இரு கரைகளிலிருந்தும் சங்கும் முத்தும் தேடி மூழ்கும் தமிழர்களும், தோணிக்காரர்களும், வணிகரும் திரண்டு, வெறும் மணற்கரை ஒரு நகரமாகிவிடும். குளிப்பின் வருவாய் அரசுக்குப் பெரும் பொருள். அதைக் கண்காணிக்க ஆளுநரே வந்து தங்க வேண்டியிருந்தது.

கண்காணிப்பு என்று பெயர், ஆனால் எழுப்பியது காவற்கூண்டு அன்று. கரையின் சிறு மேட்டின்மேல், கடலைப் பார்த்தபடி, அளவெடுத்த தூண்களும் இரண்டு தளங்களும் கொண்ட வெண்மாளிகை. அக்காலத்தில் இலங்கையில் பணிபுரிந்து நூல் எழுதிய பாதிரியார் ஜேம்ஸ் கார்டினர், தீவிலேயே அழகான கட்டடம் இதுதான் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். வருவாய்க் கணக்கைப் பார்க்க வந்தவர் மாலையில் நூற்றுக்கணக்கான தோணிகள் கரை திரும்புவதைப் பார்க்கவும் ஓர் இடம் செய்துகொண்டார். முத்துக்குளிப்பு ஓய்ந்த பிறகு மாளிகைக்கு வேலையில்லாமல் போயிற்று. உள்ளூர் மக்கள் அதை அல்லிராணி கோட்டை என்று அழைத்து, அருச்சுனனை மணந்த அல்லி அரசாணியின் கதையோடு சேர்த்துவிட்டார்கள். எந்தக் கடலைப் பார்க்கக் கட்டப்பட்டதோ அந்தக் கடலே மேட்டை அரித்து, சுவர்களையும் தூண்களையும் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருக்கிறது. காட்சிக்காக விளிம்பைத் தேடிப் போகும் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் உள்ள ஆபத்து இது. அழகு கூடும் அளவுக்கு அடித்தளம் பலவீனமாகும்.

இன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் மிக அதிகமான மக்கள் நின்று காட்சி காணும் கட்டடம் எதுவென்று கேட்டால், விடை அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம். 1988 அக்டோபர் 2ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்தது. மண்டபத்தையும் பாம்பனையும் இணைக்கும் இப்பாலத்தின் நீளம் இரண்டேகால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அடியில் படகுகள் போக வேண்டும் என்பதால் நடுப்பகுதியை உயர்த்திக் கட்டினார்கள். கட்டியவர்களுக்குப் போக்குவரத்து மட்டுமே நோக்கம். ஆனால் உயர்ந்த அந்த நடுப்பகுதி, ஓரத்துக் கைப்பிடிச் சுவர், அருகிலேயே கடலின்மேல் ஓடும் ரயில் பாலம் மூன்றும் சேர்ந்து, யாரும் திட்டமிடாமல் ஒரு பார்வை மாடத்தை உண்டாக்கிவிட்டன. முதன்முதலாக இராமேசுவரம் வரும் எவரும் வண்டியை நிறுத்தாமல் அதைக் கடப்பது அரிது. நிறுத்தக் கூடாது என்பது விதி. காவலர் விரட்டுவதும் வண்டிகள் நாலடி நகர்ந்து மறுபடி நிற்பதும் அன்றாட நிகழ்ச்சி. நடுப்பாலத்தில் நிழல் இல்லை, உட்கார இடமில்லை, பக்கத்தில் பேருந்துகள் உரசிக்கொண்டு போகும். தொடக்கத்தில் சொன்ன மூன்று குணங்களில் நிழலைத் தவிர இரண்டும் வாய்த்திருப்பது ஒன்றே போதும் என்று மக்கள் முடிவுசெய்துவிட்டார்கள்.

அங்கிருந்து பார்க்கக் கிடைப்பவை பல. பாலத்தின் ஒருபுறம் பாக் விரிகுடா, மறுபுறம் மன்னார் வளைகுடா. மீனவர் பேச்சில் முன்னது வடகடல், பின்னது தென்கடல். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் புரளும்போது வடகடல் குளம்போல் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை பிடித்தால் நிலைமை தலைகீழாகும். இரண்டு கடலின் நிறமும் ஒரே நேரத்தில் வேறுபட்டுத் தெரிவதற்கு இதுவே காரணம். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியைச் சாலைப் பாலம் தந்ததுபோல் வேறொன்றும் தரவில்லை.

ரயில் பாலமோ தானே ஒரு காட்சி. 1914 பிப்ரவரி 24இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் நடுவில் ஷெர்சர் வகைத் தூக்குப் பகுதி இருந்தது. ஆட்கள் நெம்புகோலைச் சுற்றச் சுற்ற, இரண்டு இரும்பு இறக்கைகளும் மெல்ல மேலே எழுந்து கப்பலுக்கு வழிவிடும். அதைக் காணச் சாலைப் பாலத்தில் கூட்டம் கூடும். 1964 டிசம்பர் புயல் பாலத்தின் பல கண்களை அடித்துச் சென்றபோது, பொறியாளர் ஈ.ஸ்ரீதரன் 46 நாட்களில் அதைச் சீரமைத்தார். உப்புக்காற்றில் இரும்பு நைந்துபோனதால் 2022 டிசம்பரில் அதில் ரயில் நிறுத்தப்பட்டது. அருகே கட்டப்பட்ட புதிய பாலத்தை 2025 ஏப்ரல் 6ஆம் நாள் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி இரு கோபுரங்களுக்கு இடையே அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் வரை உயரும். தூக்குவதற்கு ஆகும் நேரம் குறைந்துவிட்டது. இறக்கைகள் விரிவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் புதிய பாலம் லிஃப்ட் ஏறி இறங்குவதுபோலத்தான் படும் என்றாலும், பார்க்க வரும் கூட்டம் குறையவில்லை.

பாம்பனுக்குத் தெற்கே குந்துகால் முனையில் விவேகானந்தர் நினைவிடம் இருக்கிறது. மேலைநாட்டுப் பயணத்தை முடித்துக் கொழும்பு வழியாக வந்த அவர் 1897 ஜனவரி 26இல் இப்பகுதியில் கரையிறங்க, பாஸ்கர சேதுபதி வரவேற்றார். எதிரே குருசடைத் தீவும் நீல நீருமாக இருக்கும் அமைதியான கரை. பாலத்தின் நெரிசலில் பார்க்க முடியாததை இங்கே பார்க்கலாம்.

தனுஷ்கோடி காட்சிக்காக எழுந்த ஊர் அன்று. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலுக்கு முன்பு அது கப்பலும் ரயிலும் சந்தித்த துறைமுகம். இன்று எஞ்சியிருக்கும் தேவாலயச் சுவரும் ரயில் நிலையச் சிதைவுகளும் யாரும் எதிர்பாராத வகையில் காட்சிப் பொருளாகிவிட்டன. கூரை போய், சாளரங்கள் வெறும் சட்டங்களாக நிற்பதால் அவை வழியே கடல் தெரிகிறது. 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டது. அதன் முடிவில் அசோகத் தூண் நிற்கும் வட்டமும் தடுப்புச் சுவரும் அமைத்தார்கள். மக்கள் பேச்சில் அமைதியான பெண்கடல் எனப்படும் வடகடலும் கொந்தளிக்கும் ஆண்கடல் எனப்படும் தென்கடலும் கூடும் முனை இது. பார்ப்பதற்கென்றே அரசு செலவழித்துக் கட்டிய இடம் என்று இக்கரையில் சொல்லத்தக்கவற்றுள் இந்த வட்டமும் ஒன்று. கடல் சீறும் நாட்களில் அலை சுவரைத் தாண்டி விழுவதால் அது அடிக்கடி மூடப்படுகிறது.

இங்கே வருவோர் பெரும்பாலும் கேட்பது இலங்கை தெரிகிறதா என்பதே. தலைமன்னார் 30 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் இருந்தாலும், நீர்மட்டத்தில் நிற்பவர் கண்ணுக்கு நாலரை கிலோமீட்டரில் கடல் வளைந்து இறங்கிவிடுகிறது. எதிர்க்கரையும் இதைப்போலவே தட்டை. முனையில் வட்டம் கட்டியவர்கள் அதையே பத்து மீட்டர் உயர்த்தியிருந்தால் இராமர் பாலத்து மணல் திட்டுகளின் வரிசை இன்னும் தெளிவாகப் பிடிபட்டிருக்கும். அதை நகரும் மணலின்மேல் எப்படி நிறுத்துவது என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வியில்தான் இக்கரையின் கட்டுமானச் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை உப்பு துருவாக்கும். துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். கடற்கரைப் பூங்காக்களில் சில ஆண்டுகளிலேயே தூண்கள் வெடித்துக் கம்பி வெளியே தெரிவது இதனால்தான். பழைய கட்டடங்களில் கம்பியே இல்லை. தனுஷ்கோடி தேவாலயம் பவளக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்தது; புயலில் கூரை பறந்தும் சுவர் நிற்கிறது. பவளம் இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் அந்தக் கல் இனி யாருக்கும் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. நிழலைப் பொறுத்தவரை, தனுஷ்கோடிக் கரையில் மீனவர் போடும் பனையோலைக் கொட்டகையை மிஞ்சிய அமைப்பு இன்னும் வரவில்லை. நாற்புறமும் திறப்பு, வெயில் உள்ளே எட்டாத தாழ்ந்த கூரை, காற்று பலமானால் ஓலை மட்டும் போகும், மறுநாள் வேறு ஓலை வேயலாம். கடற்கரைக்குக் கல் மண்டபம் வரைபவர்கள் அந்தக் கொட்டகைக்குள் ஒரு நண்பகல் உட்கார்ந்துவிட்டு வரைவது நல்லது.

சட்டமும் இப்போது வழிமறிக்கிறது. 1991இல் தொடங்கி 2011, 2019 ஆண்டுகளில் திருத்தி வெளியிடப்பட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள், உயர் ஓத எல்லையிலிருந்து நிலத்துக்குள் பொதுவாக 500 மீட்டர் வரை கட்டுமானத்தைக் கட்டுப்படுத்துகின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. ஆளுநர் நார்த் இன்று வந்தால் டோரிக்குக்கு அனுமதி கிடைப்பது கடினம்.

தனுஷ்கோடியின் ஆழமற்ற நீர்ப்பரப்புகளுக்குக் குளிர்காலத்தில் பெரும்பூநாரைகள் வருகின்றன. 2025இல் தமிழக அரசு அவற்றுக்காக இங்கே ஒரு சரணாலயத்தை அறிவித்தது. பறவை பார்க்கும் கோபுரம் இதுவரை சொன்ன எல்லாவற்றிலிருந்தும் மாறுபட்ட கட்டடம். திறந்த பக்கமும் நீட்டிய தளமும் அதற்கு ஆகாது; ஆள் அசைவது தெரிந்தால் கூட்டம் முழுவதும் எழுந்துவிடும். படிகள் மறைவாக ஏற வேண்டும், சுவரில் கண் மட்டத்தில் கிடைமட்டமாக ஒடுங்கிய திறப்பு மட்டும் இருக்க வேண்டும், காலை வெயில் பார்ப்பவரின் முதுகுப் பக்கம் விழும்படி திசை அமைய வேண்டும், வண்ணம் மணலோடு ஒன்ற வேண்டும். உயரமும் அளவோடு போதும். பூநாரை மேயும் கழிமுகம் சில நூறு மீட்டருக்குள்தான் இருக்கும். அங்கே தொடுவானத்துக்கு வேலையில்லை.